குடத்தடியில் கரைமண்

என் மகன் தன் வீட்டுச் சுவரில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை மாட்டியிருக்கிறான். அதில் எந்நேரமும் ஒரு நீல விளக்கு எரிகிறது. "கண்ணாடி மாதிரி கீது, குடிம்மா" என்கிறான். நான் டம்ளரில் பிடித்து, சமையல் மேடையில் அரை மணி நேரம் வைத்து, பிறகு வெளிச்சத்தில் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நம் வயதுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு கிறுக்கு இருக்கும். சிலர் பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்கள். எனக்குத் தெளிந்த தண்ணீரைக் கண்டால் பயம். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன், எத்தனை நாளைக்குத்தான் வைத்திருப்பது.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி நடக்க வேண்டிய ஊர். ஊரைவிட ஏரி பெரியது. நம் பக்கத்து ஏரிகள் தனித்தனியாகக் கிடப்பவை அல்ல என்று உங்களுக்கும் தெரியும். மேலூர் ஏரி நிரம்பி வழிந்தால் எங்கள் ஏரிக்கு வரும். எங்களுடையது வழிந்தால் கீழூர் ஏரிக்குப் போகும். கடைசி ஏரியில் வழிவது ஆற்றுக்கு, ஆறு கடலுக்கு. கடலில் கிளம்பிய மேகம் ஐப்பசியில் திரும்பி வந்து எங்கள் தலைக்கு மேல் நிற்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இதைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் ஒரு அம்புக்குறி குறைவாக இருந்தது. கரைக்கு அடியில் போகும் தண்ணீரை அவர் வரையவில்லை.

ஏரிக்கரையைச் சுவர் என்றே ஊரில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். மண்தானே. ஏரி நிரம்பியதும் தண்ணீர் கரையின் அடிவழியே மெல்லக் கசிந்து, மணலில் ஊர்ந்து, கரைக்கு வெளிப்பக்கம் எங்கள் தெருவோரம் வந்து ஊறும். எங்கள் தெரு கரைக்கு நேர் கீழே இருந்தது. முப்பது கூரை வீடுகள், எல்லாம் கூலி வேலை செய்கிறவர்கள். வீட்டுக்கு ஒன்றாக அந்த மணலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி வைத்திருப்போம். ஊத்துக்குழி என்று பெயர். ஊர்க் கிணற்றில் எங்கள் தெருக்காரர்கள் குடம் இறக்க முடியாது. ஏன் என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏரியிலிருந்து கசிந்து வந்ததுதான் எங்களுக்குக் குடிதண்ணீர். சும்மா சொல்லக்கூடாது, இளநீர் மாதிரி இருக்கும்.

குழிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. ஓரத்தில் மண்டியிட்டு, கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். கலக்கியவளுக்கு அடி நிச்சயம். தண்ணீர் தெளிய நேரமாகும், வேலைக்குப் போகிற வீட்டில் யார் காத்திருப்பது?

நைனா, அதாவது என் அப்பா, ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எப்போது பாய வேண்டுமோ அப்போது வாய்க்காலைத் திருப்பிவிடுவது எல்லாம் அவர் வேலை. அறுப்பு முடிந்தால் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதம் உலை வைத்தது அந்த நெல்தான். நீர்க்கட்டி என்பதால் எங்கள் குழி கரையின் காலடியிலேயே, எல்லார் குழிக்கும் முன்னால் இருந்தது. அதில் என் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எனக்குப் பத்து வயதான அந்தக் கார்த்திகையில் ஏரி தளும்ப நிரம்பியது. கரையின் ஓர் ஓரத்தில் கலிங்கல் உண்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற கட்டிடம் அது. அதன் மேல் ஆள் உயரக் கல்தூண்கள் வரிசையாக நட்டிருக்கும். வழிவதற்கு முதல் நாள் ஊரே திரண்டு போய் அந்தத் தூண்களுக்கு நடுவில் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள். கட்டியவன் வைத்த மட்டத்துக்கு மேல் இன்னும் இரண்டு முழம் தண்ணீர் நிற்கும். வருஷா வருஷம் நடக்கிற வேலைதான், கிட்டத்தட்டத் திருவிழா. அந்த வருஷம் மழை நன்றாக இருந்ததால் மூன்று முழத்துக்கு அடைத்தார்கள். அடைக்கச் சொன்னவர் பெரியதனக்காரர், ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். ஏரிக்குக் கீழே பாதி வயல் அவருடையது. சம்பா அறுவடை முடிந்து அடுத்த போகமாக நவரையும் போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நைனா முனகினார். ஆனாலும் களிமண் சுமந்தார்.

நாலு நாள் கழித்து மழை விட்டது. விடியற்காலையில் தெருவில் முதல் ஆளாக நான் குடத்தோடு போனேன். எங்கள் குழியில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. பக்கத்துக் குழிகளை எட்டிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளையாக, அடி மணல் தெரிய இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோதே பெண்கள் வந்துவிட்டார்கள். பின்னாலேயே அம்மாவும் வந்தாள்.

"இன்னாமே, உம் பொண்ணு எறங்கி ஆடிட்டாளா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் கால வெக்கலம்மா."

"நீ வெக்காம உங்கொப்பனா வந்து வெச்சாரு?"

அம்மா கேட்டதும் அறைந்ததும் ஒன்றாகவே நடந்தன. அம்மாவின் கை களை பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன கை. காது இரைந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. செய்யாததற்கு வாங்கிய அடி எத்தனை வருஷமானாலும் ஆறாது. உங்களுக்கும் ஒன்றிரண்டு இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

மறுநாளிலிருந்து அம்மா இருட்டோடு களையெடுக்கப் போக ஆரம்பித்தாள். தண்ணீர் என் பொறுப்பு. குழியில் அதே டீ நிறம். முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இதைக் கொண்டுபோனால் இன்னோர் அறை. நான் கலக்கவில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? அப்போதுதான் எனக்குத் தேத்தாங்கொட்டை நினைவுக்கு வந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, உருண்டையாக, மங்கலான வெளுப்பில் ஒரு கொட்டை. மண்பானையின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும் இல்லையா, அதில் நாலு தேய் தேய்த்துவிட்டுக் கலங்கின தண்ணீரை ஊற்றினால் போதும். கொஞ்ச நேரத்தில் அழுக்கெல்லாம் திரண்டு அடியில் இறங்கிவிடும், மேலே பளிச்சென்று நிற்கும். அம்மா ஒரு கொட்டையைத் துணியில் முடிந்து மாடத்தில் வைத்திருந்தாள். வெள்ளம் வந்தால் மட்டும் எடுப்பாள்.

நான் எடுத்தேன். கை ஓயத் தேய்த்தேன். மத்தியானம் அம்மா வந்து மொண்டு குடித்துவிட்டு, "பாத்தியா, ஒரு அற குடுத்தாதான் ஒயுங்கா மொண்டுக்கினு வர்ற" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஏமாற்றிவிட்டேன் அல்லவா.

அதற்கடுத்த நாளும் தேய்த்தேன். அதற்கடுத்த நாளும். குடத்துத் தண்ணீரை மேலாகவே மொண்டு எடுத்ததால் அடியில் படிந்ததை யாரும் பார்க்கவில்லை. குழியில் மட்டும் நிறம் ஏறிக்கொண்டே போனது. தேய்க்க ஆரம்பித்த மூன்றாம் நாள் நான் குனிந்து பார்த்தபோது குழியின் நடுவில் கஞ்சி கொதிக்கிற மாதிரி செம்மண் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அதற்கு வேறு அடி விழும். பத்து வயதுக் கணக்கு அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் நைனா கூழ் குடிக்க வந்தார். குடத்தில் தண்ணீர் குறைவாக இருந்தது. குடத்தைச் சாய்த்து ஊற்றியபோது கடைசியில் செம்பில் கொழகொழவென்று ஏதோ விழுந்தது. அவர் குடத்துக்குள் கையை விட்டு அடியில் வழித்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். கூழ்ச்சட்டியைத் தள்ளி வைத்தார்.

"நம்ம குழி மணலு வெள்ள. இது கரை மண்ணு. எத்தினி நாளா வருது?"

நான் மாடத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எழுந்து போய்த் துணி முடிச்சை அவிழ்த்தார். கொட்டை பாதியாகத் தேய்ந்திருந்தது. என்னை அடிக்கப் போகிறார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. "எத்தினி நாளு?" என்று மறுபடி கேட்டார்.

"நாலு நாளு நைனா."

குழிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். குமிழுக்குள் கையை நுழைத்தார், முழங்கை வரை போனது. கரையை நிமிர்ந்து பார்த்தார். கரைக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் கூரையைவிட உயரத்தில் தண்ணீர் நின்றது. இந்தப் பக்கம் முப்பது கூரைகள்.

கசிவது தப்பில்லை, கசியத்தான் செய்யும் என்று நைனா அடிக்கடி சொல்லுவார். தெளிவாகக் கசிகிற வரைக்கும் கரை தூங்குகிறது என்று அர்த்தம். மண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தால், உள்ளே வழி கண்டுபிடித்துவிட்டது. அந்த வழி மணிக்கு மணி அகலமாகும். நைனாவுக்கு அது தெரியும். ஊர்ப்பக்கம் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஊர்ப்பக்கம் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

பெரியதனக்காரர் தன் களத்தில் கயிற்றுக்கட்டில் போட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நைனா களத்துக்கு வெளியிலேயே நின்று செம்மண் அப்பிய கையை நீட்டினார்.

"ஐயா, கரை உள்ளார வளை வுட்டுக்கினு கீது. மண்ணு கரைஞ்சி வெளிய வருது. கலிங்கல தொறக்கணும்."

"எங்க வருது?"

"எங்க ஊத்துக்குழில."

"உங்க குழில மண்ணு வந்தா குழிய தூரு வாருடா. அதுக்கு ஏரியத் தொறப்பாங்களா?"

"இது குழி மண்ணு இல்ல ஐயா, கரை மண்ணு. செவப்பா கீது பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். தொடவில்லை.

"அம்பது வருசமா நிக்கிற கரை. மய வுட்டு நாலு நாளாச்சி. மயயில நின்ன கரை வெயில்ல வுயுமா?"

"ரேடியோல புயல் வருதுன்றான் ஐயா. இன்னும் ஒரு மொழம் ஏறினா தாங்காது."

"புயல் வராம போச்சின்னா? நவரைக்கு நீ கொண்டாந்து ஊத்துவியா? கீழூர்க்காரன் எப்படா தொறப்பான்னு வாயப் பொளந்துக்கினு கீறான். போ. நாளைக்கு நாலு பேர வெச்சிப் பேசிக்கலாம்."

நைனா விடுவிடுவென்று திரும்பி வந்தார். தெருவில் வீடு வீடாகப் போய், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்குப் போகச் சொன்னார். பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர், "பெரியதனக்காரரு சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்கள். வயலிலிருந்து வந்த அம்மா வழியை மறித்து நின்றாள்.

"அவரு சொல்லாம நீ கை வெச்சா நாளைக்கு உன்ன நீர்க்கட்டின்னு எவன் கூப்புடுவான்? புள்ளைக்கு இன்னாத்த போடுவ?"

"கரை போச்சின்னா எந்தப் புள்ளைக்குப் போடுவ?" என்றார் நைனா. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்.

வெயில் இன்னும் இருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஏரி அசையாமல், பார்க்க அழகாக, படுத்திருந்தது. முதலில் மதகைத் திறந்தார். பிறகு கலிங்கலுக்கு ஓடினார். வைத்து மிதித்த களிமண் இறுகிப்போயிருந்தது. அவர் வெட்ட, நான் வைக்கோலைப் பிடித்து இழுத்தேன். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. "போடி வூட்டுக்கு" என்று ஒரு முறை கத்தினார், பிறகு விட்டுவிட்டார். முதல் இரண்டு தூண்களுக்கு நடுவில் விரல் பருமனுக்கு ஒழுகியது, பிறகு கை பருமன். சட்டென்று அந்த இடைவெளியின் அடைப்பு முழுவதும் பெயர்ந்து, தண்ணீர் காலை வாரியது. அவர் என் தலைமயிரைப் பிடித்துத் தூணோடு சேர்த்து அமுக்கினார். காதில் அந்த இரைச்சலைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக எல்லா இடைவெளிகளையும் திறந்து முடித்தபோது கீழூர்ப் பக்கம் வாய்க்கால் முழுக்க நுரை.

மறுநாள் மாலைக்குள் ஏரி மூன்று முழம் இறங்கியது. எங்கள் குழியில் குமிழ் நின்றது. அதற்கடுத்த நாள் தண்ணீர் வெள்ளையாக, அடி மணல் தெரிய இருந்தது. நைனா மதகை மூடினார். அந்த இரண்டு நாளும் அவர் கரையைவிட்டு இறங்கவில்லை.

புயல் வரவில்லை. நெல்லூர்ப் பக்கம் போய்விட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. அந்த மார்கழி முழுக்கச் சுள்ளென்று வெயில் அடித்தது. மழை மட்டும் வந்திருந்தால் நைனாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள். உடையாத கரையை யாருக்குக் காட்டுவது?

பஜனை கோயிலுக்கு எதிரில் ஊர் கூடியது. நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நவரைக்குத் தண்ணீர் இல்லாமல் செய்துவிட்டான், கீழூர்க்காரனுக்கு வேலை பார்த்திருக்கிறான் என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நைனா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஊத்துல கரை மண்ணு வந்துது."

"உம் பொண்ணு எறங்கிக் கலக்கினா மண்ணு வராம பொன்னா வரும்? உம் பொண்டாட்டியே அதுக்கு அவள அறைஞ்சாளாமே. தெருவே பாத்துக்கினு இருந்துதாம்" என்றார் பெரியதனக்காரர். பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார். "இன்னாமே, அறைஞ்சியா இல்லியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "அறைஞ்சேன்" என்றாள்.

"அது மொத நாளு ஐயா. அதுலேந்து நாலு நாளா வந்துது."

"நாலு நாளா வந்துதுன்னா நாலு நாளு நீ இன்னா பண்ணிக்கினு இருந்த? அந்தத் தண்ணியத்தான குடிச்ச?"

நைனா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான். என் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். கொட்டையைக் காட்டியிருந்தால் போதும், நாலு நாள் மண் வந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அப்படிச் சொன்னால், கரை போகிற விஷயத்தை மறைத்தவள் என்று ஊர் முழுக்க என்னைப் பார்த்துக் கை நீட்டும். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்திலிருந்து நான் இன்னும் நகரவில்லை.

"கவனிக்கல ஐயா. என் தப்புதான்" என்றார் நைனா.

நீர்க்கட்டி வேலை போயிற்று. மதகுச் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அந்த வருஷம் எங்களுக்குக் களத்தில் நெல் அளக்கவில்லை. நைனா செங்கல் சூளைக்குப் போனார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாடத்தில் அந்தத் துணி முடிச்சு மட்டும் காணாமல் போயிருந்தது. நைனா தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாத வரை நல்லது என்று நிம்மதியாகக்கூட இருந்தேன்.

பங்குனியில் ஏரி வற்றி, உள்ளே மாடு மேய்ந்தது. சூளைக்கு விடுமுறை நாளில் நைனா அம்மாவையும் என்னையும் ஏரிக்குள் கூட்டிப்போனார். எங்கள் குழிக்கு நேர் எதிரே, கரையின் உட்பக்கச் சரிவில், என்றைக்கோ வெட்டிய ஒரு பனையின் அடிமரம் மக்கிக் கிடந்தது. பெரியதனக்காரர் மாட்டுக்கொட்டகைக்கு உத்தரம் போட வெட்டின மரம். அதன் வேர் இருந்த இடத்தில் ஓட்டை. முந்தின நாளே நைனா பெரியதனக்காரரைக் கூட்டிவந்து காட்டியிருந்தாராம். அவர் குனிந்துகூடப் பார்க்காமல், "எலி வளை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

அம்மா உட்கார்ந்து ஓட்டைக்குள் கையை விட்டாள். தோள் வரை போனது. கன்னம் கரையில் அழுந்த, உள்ளே துழாவினாள். அப்படியும் அடி தட்டவில்லை. கையை வெளியே இழுத்தபோது முழுக்கச் செம்மண்.

பிறகு மற்றக் கையால் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து எதையோ எடுத்தாள். பாதியாகத் தேய்ந்த தேத்தாங்கொட்டை.

"கூட்டத்துக்கு மொத நாளே பாத்துட்டேன்" என்றாள். "நானும் வாயத் தொறக்கல."

நான் அழ ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தது, ஆனால் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கு நான் அறையாம இருந்தா நீ தேச்சிருக்க மாட்டடி."

கொட்டையை ஓட்டைக்குள் போட்டாள். நைனா களிமண்ணை வெட்டிக் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் வாய் வரை அடைத்தோம், அவர் மேலே ஏறி மிதித்து இறுக்கினார். யாரும் செய்யச் சொல்லாத வேலை. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குத்தான் முதலில் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. எங்கள் தெருவில் இப்போது மாடி வீடுகள். போன கார்த்திகையில் ஏரி நிரம்பியது என்று போன் வந்தபோது பஸ் ஏறிப் போனேன். ஊத்துக்குழிகள் இருந்த இடத்தில் சிமெண்ட் ரோடு. அதன் ஓரத்தில் ஒரு விரிசலில் தண்ணீர் ஊறி, பிள்ளைகள் செருப்புக் காலோடு மிதித்துக்கொண்டு போனார்கள். நான் குந்தி உட்கார்ந்து, கையில் பிடித்து, அது தெளியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் வெள்ளை மணல்தான் இருந்தது.